மூன்று பாட்டில்கள் போன விதம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் தங்கள் இடது முழங்காலுக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும். இங்கே நான் சுகம், என் மனைவி சுகம், மைத்துனனுக்கு உதட்டு வீக்கம் வற்றிவிட்டது. தங்களுக்கும் எங்களுக்கும் பொதுவான பேத்தி பட்டாணி, இதை எழுதும் இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், அடுத்த அறையில் கட்டிலின் மேல் நின்றுகொண்டு குதிக்கிறாள். குதிக்கிற குழந்தைக்குக் காய்ச்சல் இருக்காது என்பது என் அனுபவம்.

நேற்று தாங்கள் தொலைபேசியில், "என்ன சம்பந்தி, மூணு பாட்டில் மருந்து போயிடுச்சாமே? அதுல குழந்தை வயித்துக்குள்ள போனது எத்தனை ஸ்பூன்? எனக்கு எழுத்துல விளக்கம் வேணும். இல்லைன்னா புதன்கிழமை நானே வந்து புள்ளையக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றீர்கள். இதை யார் தங்களிடம் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. இந்த வீட்டில் தொண்டை தேறியவுடன் முதல் வேலையாகத் தொலைபேசியை எடுக்கக்கூடியவன் ஒருவன்தான் இருக்கிறான். தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற தாங்கள் விளக்கம் கேட்பதில் எனக்கு மனவருத்தம் கிடையாது. எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நாளைக் காலை கூரியரில் போட்டால் செவ்வாய்க்கிழமை தங்கள் கைக்கு வந்துவிடும். புதன்கிழமைப் பயணத்தைத் தாங்கள் அதற்குப் பிறகு தீர்மானித்துக்கொள்ளலாம்.

என் மகளும் தங்கள் மகனும் பன்னிரண்டு நாள் பயிற்சிக்காக வெளியூர் கிளம்பியபோது, குழந்தை யார் வீட்டில் இருப்பது என்ற பேச்சு வந்தது. அப்போது நான், "பாதுகாப்புன்னா எங்க வீடுதான்" என்று சொன்னதைத் தாங்கள் நேற்று இரண்டு முறை நினைவூட்டினீர்கள். சொன்னேன். அதற்கு ஆதாரம் இருந்துதான் சொன்னேன். முப்பத்து மூன்று வருஷம் பேருந்துப் பணிமனையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். டிரைவர்கள் என்னை 'பூட்டு சார்' என்றுதான் கூப்பிடுவார்கள், நேரிலேயே. என் காலத்தில் ஒரு நட்டு, ஒரு வாஷர் காணாமல் போனது கிடையாது. நட்டுக்காகப் பேருந்துகள் காத்து நின்றதுண்டு, அது உண்மைதான். ஆனால் அது வேறு பிரிவு, என் பிரிவில் இருப்பு எப்போதும் சரியாக இருந்தது. ஒரு பொருளை எங்கே, எப்படி, எந்த வரிசையில் வைக்க வேண்டும் என்று எனக்கு இன்னொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற எண்ணத்தோடுதான் போன திங்கட்கிழமை விடிந்தது.

அன்று காலை பட்டாணி வலது காதைப் பொத்திக்கொண்டு வந்து, "தாத்தா, உள்ள யாரோ கதவைத் தட்டுறாங்க" என்றாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதிக்கிறது. குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த அம்மாள் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, நடுக்காதில் சீழ் பிடித்திருக்கிறது, ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறேன், காலையும் மாலையும் ஐந்து மில்லி, ஏழு நாள், நடுவில் ஒரு வேளைகூட விடக் கூடாது என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடையில் இருந்த கண்ணாடி போட்ட பெண் ஒரு பாட்டிலை எடுத்து உள்ளங்கையில் தட்டியபடி, "உள்ள வெறும் தூள்தான் சார் இருக்கும். கொதிக்கவெச்சு நல்லா ஆறவெச்ச தண்ணிய இந்தக் கோடு வரைக்கும் ஊத்திக் குலுக்குங்க. கலந்ததுக்கு அப்புறம் ஃபிரிட்ஜ்ல வைங்க, ஃபிரீசர்ல வேண்டாம். குழந்தைங்க கைக்கு எட்டாத இடமா இருக்கட்டும். ஏழு நாளைக்கு மேல இருந்தா..." என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "அம்மா, பொருள் வைக்கிறதைப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க. நான் ஸ்டோர்ஸ்" என்றேன். அவள் நிறுத்திவிட்டாள். உண்மையில் அவள் எல்லாவற்றையும் சொல்லித்தான் இருந்தாள் என்று பிறகு தெரிந்தது. என் காதில் விழுந்தது 'எட்டாத இடம்' என்பது மட்டும். அன்றைக்கு எங்கள் வீட்டில் காது கேட்காதவர் பட்டாணி மட்டும் இல்லை.

தண்ணீர் கொதிக்க வைத்தது, ஆறவைத்தது, கோடு வரைக்கும் ஊற்றியது, குலுக்கியது எல்லாம் முறைப்படி நடந்தன. முதல் வேளையும் சரியாகக் கொடுத்தோம். அதற்குப் பிறகு பாட்டிலை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். என் மனைவி, "ஃபிரிட்ஜ்ல வைக்கணும்னு பாட்டில்லயே போட்டிருக்குங்க" என்றாள். "ஃபிரிட்ஜை யார் வேணா திறக்கலாம். பூட்டு இல்லாத இடத்துல விலைமதிப்புள்ள பொருளை வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை" என்றேன். தங்களுக்கு எங்கள் வீட்டு அமைப்புத் தெரியும். பீரோ நிற்கிற சுவருக்கு அந்தப் பக்கம் ரொட்டிக்கடை. அவர்களுடைய அடுப்பு சரியாக எங்கள் பீரோவின் முதுகில் இருக்கிறது. அதிகாலையில் பீரோவைத் திறந்து சட்டை எடுத்தால் இப்போதுதான் இஸ்திரி போட்டது போல் இதமாக இருக்கும், கொஞ்சம் ரொட்டி வாசனையும் அடிக்கும். இருபது வருஷமாக அதை நான் இந்த வீட்டின் ஒரு வசதி என்றுதான் நினைத்து வந்தேன்.

செவ்வாய்க்கிழமை மாலை நான் முடிவெட்டிக்கொள்ளப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் துணி கட்டி, ஒரு பக்கம் வெட்டி முடிந்திருந்த நேரம். கண்ணாடியில் பார்த்தால் எனக்குப் பின்னால் என் மனைவி நிற்கிறாள், ஒரு இடுப்பில் பட்டாணி, ஒரு கையில் மருந்து ஊற்றும் சின்ன மூடி. "ஆறு மணி ஆச்சு. சாவி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சாவி வேட்டி மடிப்பில், வேட்டி துணிக்குள், துணி முடி திருத்துபவர் கையில். நான் எழுந்தேன், சாவி விழுந்தது, அதைத் தேட மூன்று பேர் குனிந்தோம், கடை முழுக்க முடி. வெட்டியது பாதி வெட்டாதது பாதியாக நானும் அவர்களோடு வீட்டுக்கு ஓடினேன். காரணம், அந்தப் பீரோவைத் திறக்க ஒரு முறை இருக்கிறது, சாவியைப் பாதி திருப்பிக் கதவைத் தூக்கி முழங்காலால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், அது என்னைத் தவிர யாருக்கும் வராது. அன்றைக்கு மருந்து கொடுத்தபோது மணி ஏழரை. பட்டாணி ஒரு வாய் வைத்துவிட்டு, "சுடுது" என்றாள்.

புதன்கிழமை காலை பாட்டிலைப் பார்த்தால், வெள்ளையாகக் கலந்த மருந்து பழைய செய்தித்தாள் நிறத்தில் இருக்கிறது. முகர்ந்து பார்த்த என் மனைவி அதை என்னிடம் நீட்டினாள். மருந்துக் கடைக்குக் கொண்டுபோனேன். கண்ணாடிக்காரப் பெண் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "எங்க சார் வெச்சிருந்தீங்க?" என்றாள். சொன்னேன். "அதுக்குப் பின்னாடி?" என்றாள். ரொட்டிக்கடை என்றேன். அவள் பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தாள். பிறகு, "சார், கலந்த மருந்து சூட்டுல இருந்தா அதோட சத்து போயிடும். குழந்தைக்குக் குடுத்தும் பிரயோஜனம் இல்ல. உள்ள இருக்கிற கிருமி பாட்டுக்கு வளரும்" என்றாள். வேறு மருந்தும் இப்படி பீரோவில் இருக்கிறதா என்று கேட்டாள். இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பீரோவில் 'மிச்ச இருப்பு' என்று சீட்டு ஒட்டிய பிஸ்கட் டப்பா ஒன்று பன்னிரண்டு வருஷமாக இருந்தது. என் மனைவியின் பல்லுக்கு வாங்கியதில் மிஞ்சிய மூன்று மாத்திரை, என் முழங்கையில் கொப்புளம் வந்தபோது மிஞ்சிய ஐந்து, யாருக்கு என்றே நினைவில்லாத இரண்டு, எல்லாம் ஆன்டிபயாட்டிக். அவசரத்துக்கு உதவும் என்று சேர்த்து வைத்தவை. அதையும் வீட்டுக்குப் போய் எடுத்துவந்து காட்டினேன். அந்தப் பெண் டப்பாவைத் திறந்து பார்த்த பார்வையில் நான் மறுபடி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பையனாகிவிட்டேன். "இதெல்லாம் மிஞ்சியிருக்கவே கூடாது சார். டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் சாப்பிட்டிருந்தா மிஞ்சாது" என்று சொல்லி, டப்பாவோடு வாங்கி, வீணான மருந்துகளைச் சேர்க்கும் பெட்டியில் கவிழ்த்துக்கொண்டாள். டப்பாவை மட்டும் திருப்பித் தந்தாள். மருத்துவரிடம் போனில் பேசி, இரண்டாவது பாட்டில் கொடுத்தாள். இந்த முறை தெளிவாகவே சொன்னாள்: "குளிர்ச்சியான இடம் சார். ஃபிரிட்ஜ்."

சம்பந்தி, இந்த இடத்தில் நான் செய்தது அறியாமையால் அல்ல, ஆர்வத்தால். குளிர்ச்சி நல்லது என்றால் அதிகக் குளிர்ச்சி அதிக நல்லது என்று யாருக்குமே தோன்றும். புதன் காலை வேளை மருந்தைக் கொடுத்துவிட்டுப் பாட்டிலை ஃபிரீசரில், பனிக்கட்டித் தட்டுக்குப் பின்னால் வைத்தேன். அங்கே குழந்தைக்கும் எட்டாது, மைத்துனனுக்கும் கண்ணில் படாது. மாலை ஆறு மணிக்கு எடுத்தேன். கவிழ்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை. குலுக்கினேன், மொத்தமாக ஒரே கட்டியாக டக்கென்று இடித்தது. பட்டாணி, "குச்சி எங்க தாத்தா?" என்றாள். குச்சி ஐஸ் என்று நினைத்துவிட்டாள். வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி உருக்கினேன். உருகியதும் மேலே தண்ணீராகவும் கீழே மணலாகவும் பிரிந்து நின்றது. என் மனைவி மருந்துக் கடைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "சார், உறைஞ்சு உருகினா அது மருந்து இல்ல. குடுத்துடாதீங்க" என்றது குரல். "இன்னைக்குக் கடையைச் சீக்கிரமே மூடிட்டுக் கிளம்பிட்டோம். காலையில வாங்க." அன்று மாலை வேளை போயிற்று. 'ஒரு வேளைகூட விடக் கூடாது' என்று மருத்துவர் சொன்னது அப்போது என் காதில் நன்றாகக் கேட்டது.

வியாழக்கிழமை காலை மூன்றாவது பாட்டில். இந்த முறை ஃபிரிட்ஜ், ஃபிரீசர் அல்லாத பகுதி. கைக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று கதவிலுள்ள தட்டில், சாஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். ஆக, இடமும் கிட்டத்தட்டச் சரி. ஆனால் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவைப் பகலில் மட்டும் நாற்பது தடவையாவது யாராவது திறக்கிறார்கள். அதில் முப்பது தடவை திறப்பவன் என் மைத்துனன். அவனைத் தாங்கள் கல்யாணத்தில் பார்த்திருப்பீர்கள், மைக் வேலை செய்யவில்லை என்று எல்லோரும் தவித்தபோது மைக் இல்லாமலே பேசினானே, அவன்தான். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. குரல்தான் அவனுக்குச் சோறு போடுகிறது. அன்றைக்கு அவனுக்குத் தொண்டை கரகரத்திருக்கிறது. பிற்பகல் நாலு மணிக்கு வேலைக்குக் கிளம்பும்போது ஃபிரிட்ஜைத் திறந்தவன், ஆன்டிபயாட்டிக் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, அண்ணாந்து மூன்று வாய் ஊற்றிக்கொண்டு, மூடியைச் சரியாகக்கூட மூடாமல் கிளம்பிவிட்டான். மிஞ்சியதும் கதவுத் தட்டில் கொட்டிவிட்டது. நான் பிற்பாடு, "ஏன்டா, குழந்தை மருந்துடா அது?" என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில்: "குழந்தைக்கே குடுக்கிறாங்கன்னா எனக்கு என்ன ஆயிடப்போகுது அத்தான்?"

ஆனது. ஐந்து மணிக்கு என் பழைய பணிமனையின் நேரக் காப்பாளர் பேருந்து நிலையத்திலிருந்து போன் செய்தார். "பூட்டு சார், உங்க மச்சான் மைக்ல என்ன பாஷை பேசுறாரு? நாலாம் பிளாட்பாரம்னு சொல்றாரா ஏழாம் பிளாட்பாரம்னு சொல்றாரான்னே தெரியல. ரெண்டு வண்டி ஜனம் மாறி ஏறிடுச்சு. ஒரு பெரியவர் வந்த ஊருக்கே திரும்பப் போயிட்டிருக்கார்" என்றார். நானும் என் மனைவியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஓடினோம். நிலையத்துக்குள் நுழையும்போதே ஒலிபெருக்கியில் அவன் குரல் கேட்டது. குரல் அவனுடையதுதான், எழுத்துகள் எதுவும் நமக்குத் தெரிந்தவையாக இல்லை. அறிவிப்பு அறைக் கதவைத் திறந்தால், உதடு இரண்டும் காற்றடித்த டியூப் போல் வீங்கி, கழுத்தெல்லாம் தடித்துத் தடித்துச் சிவந்து, அந்த நிலையிலும் கடைசி வண்டியைச் சரியாக அனுப்பிவிட வேண்டும் என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் கடமை உணர்ச்சியைப் பற்றி இதுவரை நான் எதுவும் நல்லதாகச் சொன்னதில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன். மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் போனவுடன் ஊசி போட்டார்கள். என்ன சாப்பிட்டீங்க என்று மருத்துவர் கேட்க, அவன் பேச முடியாமல் தாளில் எழுதிக் காட்டினான்: 'குழந்தை மருந்து. மூணு வாய்.' "எதுக்கு?" 'குரலுக்கு.' மருத்துவர் அந்தத் தாளை மடித்து அவன் கையிலேயே கொடுத்து, "இந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்காது. இன்னும் அரை மணி தாமதமா வந்திருந்தா நான் உங்ககிட்ட இப்படிப் பேசிக்கிட்டு இருக்க மாட்டேன். இனிமே எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல இதைச் சொல்லணும்" என்றார். இரவு வரை அங்கேயே படுக்கவைத்துவிட்டார்கள்.

அந்த ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தைப் பற்றித்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. பட்டாணி என் தோளில் வலது காதை அழுத்திவைத்துத் தூங்கிப்போயிருந்தாள். அவளுடைய சூடு என் சட்டையைத் தாண்டி வந்தது. பீரோவிலிருந்து எடுத்துப் போட்ட சட்டை போல் இருந்தது. அன்றைய மாலை வேளை மருந்தும் கொடுக்கவில்லை. கொடுப்பதற்கு மருந்து எங்களிடம் இல்லை. நான்கு நாளில் மூன்று பாட்டிலை எடுத்துவந்து, மூன்றையும் எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அவள் காதுக்குள் தட்டுகிறவன் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். தூக்கத்தில் ஒரு தடவை, "தாத்தா, திறக்காத" என்றாள். எதைத் திறக்க வேண்டாம் என்று தெரியவில்லை. நான் எதையும் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை குழந்தை மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். பீரோவில் ஆரம்பித்தபோது எழுதிக்கொண்டிருந்தவர், ஃபிரீசருக்கு வந்ததும் பேனாவை மூடினார். பேருந்து நிலையத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். "சார், நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்றார். சொன்னேன். "ஸ்டோர்ஸ்ல ஒரு பொருளைப் பத்திரமா வெச்சிருக்கிறது எதுக்கு?" என்றார். காணாமல் போகாமல் இருக்க என்றேன். "வேணுங்கிற வண்டியில மாட்டுறதுக்கு சார்" என்றார். என் மேலதிகாரிகள் முப்பத்து மூன்று வருஷத்தில் என்னிடம் சொல்ல முயன்றது இதைத்தான் என்று நினைக்கிறேன். அவர்கள் குறிப்பாணையில் எழுதினார்கள், அதனால் புரியவில்லை. மருத்துவர் காதைப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டுக் கொடுத்ததால் பழைய மருந்து சரியாகப் பிடிக்கவில்லை, வேறு மருந்து எழுதுகிறேன், இதை ஒழுங்காக முடியுங்கள் என்றார். என் மனைவி, "டாக்டர், இனிமே நான் பார்த்துக்கிறேன்" என்றாள். "இல்லைம்மா, அவரே பார்த்துக்கட்டும். இப்போதான் அவருக்குப் பயம் வந்திருக்கு" என்றார் அந்த அம்மாள். என்னைப் பற்றி யாரும் இவ்வளவு நம்பிக்கையாகப் பேசியது கிடையாது.

ஆகவே இப்போது நான்காவது பாட்டில் எங்கே, எப்படி இருக்கிறது என்பதைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கடையிலேயே முதலாளி தண்ணீர் கலந்து கொடுத்துவிட்டார். கண்ணாடிக்காரப் பெண்ணுக்கு அன்று விடுமுறை. சூடு கூடாது, எனவே பீரோ இல்லை. உறையக் கூடாது, எனவே ஃபிரீசர் இல்லை. கதவு கூடாது, அங்கே திறக்கத் திறக்கக் குளிர் மாறுகிறது, மைத்துனனும் இருக்கிறான். ஆகையால் ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், காலியாகத் திரும்பி வந்த அந்தப் பிஸ்கட் டப்பாவுக்குள் பாட்டிலை வைத்து, டப்பாவுக்கு இரண்டு துளை போட்டுச் சின்னப் பூட்டு மாட்டியிருக்கிறேன். சாவி இரண்டு; ஒன்று என்னிடம், ஒன்று என் மனைவியிடம். வேளை கொடுத்ததும் இருவரும் ஒரு நோட்டில் கையெழுத்துப் போடுகிறோம். வெள்ளி மாலை, சனி இரு வேளை, இன்று காலை, நான்கு வேளையும் நிமிஷம் தவறவில்லை. நேற்றிலிருந்து காய்ச்சல் இல்லை. "இப்ப யாராவது தட்டுறாங்களா?" என்று கேட்டேன். "போயிட்டாங்க தாத்தா" என்றாள். மைத்துனன் ஃபிரிட்ஜைத் திறக்கும் முன் இப்போது கதவைத் தட்டி அனுமதி கேட்கிறான்.

இதுதான் விளக்கம். தவறு என்னுடையது, அதை மூன்று பாட்டிலுக்கும் தனித்தனியாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சம்பந்தி, குழந்தையைப் புதன்கிழமை அழைத்துப்போக வேண்டிய அவசியம் இப்போது இல்லை என்று பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். மருந்தை எப்படி வைக்க வேண்டும் என்று இந்தத் தெருவிலேயே இன்றைக்கு என்னைவிடத் தெரிந்தவர் கிடையாது. நடுவில் இடம் மாற்றினால் மருந்தும் மாறும், வேளையும் மாறும். ஏழு நாள் முடியும் வரை பட்டாணி இங்கேயே இருக்கட்டும். ஏழாம் நாள் நோட்டின் நகலைத் தங்களுக்கு அனுப்புகிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். தங்கள் முழங்கால் மாடிப்படி ஏறும் அளவுக்குத் தேறி, வீட்டில் எல்லோரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் இருக்க மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: உறையில் போடும் முன் கடிதத்தை என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுப் போய் டப்பாவைத் திறந்து பாட்டிலை எடுத்துவந்தாள். பாட்டிலின் மேல் நான், 'பொருள்: காது மருந்து, பெறப்பட்ட நாள், வைப்பிடம்: நடுத்தட்டு' என்று எழுதிச் சீட்டு ஒட்டியிருந்தேன். அது ஈரத்தில் கழன்று வந்துவிட்டது. அடியில் கடைக்காரரின் லேபிள். அதில் சிவப்பு எழுத்தில், 'கலந்த பின் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம்' என்று இருக்கிறது. பாட்டிலைச் சாய்த்தால் மருந்து சாயவில்லை; கூழாக இறுகி யோசித்து யோசித்து இறங்குகிறது. கண்ணாடிக்காரப் பெண்ணுக்குப் போன் செய்தேன். "எல்லா மருந்தும் ஒண்ணு இல்ல சார், இது குளிர்ல கெட்டியாகி அளவே சரியா வராது. நல்லவேளை காய்ச்சல் விட்டிருக்கு. டாக்டர்கிட்ட நான் பேசிடுறேன், சாயங்காலத்துக்குள்ள புதுசு ஒண்ணு வந்து வாங்கிக்கோங்க" என்றாள். அதை எங்கே வைப்பது என்று கேட்டேன். வெயில் படாமல், குழந்தைக்கு எட்டாமல் ஒரு அலமாரியில், "சும்மா வைங்க சார்" என்றாள். சம்பந்தி, போனை வைத்ததிலிருந்து வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டேன். இந்த வீட்டில் ஒரு இடம் சூடாக இருக்கிறது, ஒரு இடம் குளிராக இருக்கிறது, மற்றதெல்லாம் பூட்டியிருக்கிறது. ஒரு பொருளைச் சும்மா வைத்து எனக்குப் பழக்கமே இல்லை. தங்கள் வீட்டில் அதற்கு நிறைய இடம் இருக்கும் என்று நம்புகிறேன். புதன்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். இது கைக்கு வந்த அன்றே புறப்பட்டு வரவும்.